பள்ளம் என்று கத்தியது

அன்புள்ள வாயாடி மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பியும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், அதைச் சுகம் என்று சொல்லலாம் என்றால் சுகம்தான். தம்பி எப்படி விழுந்தான் என்று போனில் நீ கேட்டபோது ரோடு சரியில்லை என்று சொல்லி மழுப்பிவிட்டேன். வாயைத் திறந்தால் எனக்குக் கேலிதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வாங்க நிதி திரட்டும் அந்தச் சைக்கிள் பயணம் ஆறு நாள், ஐந்நூறு கிலோமீட்டர். பஞ்சர் கடைக்காரன் நான் இல்லாமல் சைக்கிள் பயணமா என்று பீற்றிக்கொண்டு முன் சீட்டில் நான், பின் சீட்டில் கண் தெரியாத உன் தம்பி. இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் அந்த இரட்டைச் சைக்கிளில் முன்னால் இருப்பவன் வாய்தான் பின்னால் இருப்பவனுக்குக் கண். வளைவு, மேடு, பிரேக் என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும், பள்ளம் என்றால் அவன் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு சீட்டை விட்டு எழும்பவேண்டும். உன் அப்பன் சும்மா இருப்பானா. ரோடு வழவழவென்று கிடக்கும்போதே பள்ளம்டா என்று கத்துவேன், அவன் எழும்பி ஏமாந்துவிட்டு, யப்பா, அந்தப் பள்ளத்துல விழுந்தது உங்க மூளைதான் என்பான், பின்னால் வருகிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். மூன்று நாளில் நாற்பது தடவையாவது கத்தியிருப்பேன், கடைசியில் அவன் எழும்புவதையே விட்டுவிட்டான். நாலாம் நாள் காலை பாலத்து இறக்கத்தில் நிஜமாகவே பள்ளம் வந்தது. கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே ஒரு கையை எடுத்து என் முதுகில் தட்டினான், அந்தச் சிரிப்போடுதான் விழுந்தான்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவனுக்கு உடைந்த வலது மணிக்கட்டு கூடிவிட்டது, ஆனால் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உணர்ச்சியே இல்லை, இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் புள்ளி எழுத்துப் படிப்பது அந்த விரல்களால்தானே. நேற்று எட்டிப் பார்த்தேன், புத்தகத்தை மடியில் வைத்து ஒரே வரியில் விரலைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தான், பிறகு தாளைத் தூக்கி உதட்டால் தடவிப் பார்த்தான். இடது கையில் பழகுடா என்றேன். பழகலாம்ப்பா, என்ன அவசரம் என்றான்.

உன் அம்மா திட்டுவது அவனைத்தான். ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தா இந்தக் கதி வருமாடா, எல்லாம் உனக்கு விளையாட்டு என்று சாப்பாடு போடும்போதெல்லாம் ஆரம்பிக்கிறாள். ஆமாம்மா, என் தப்புதான் என்று அவன் குனிந்து சாப்பிடுகிறான், நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிறேன். ஆஸ்பத்திரியிலேயே, நீங்க சும்மா சும்மா கத்தினத அம்மாகிட்ட சொல்லவேணாம்ப்பா, அவங்க சிரிக்கறதே உங்களாலதான் என்று என் கையைப் பிடித்தான். நானும் சரி என்றேன். அந்தச் சரி இரண்டு மாதமாகத் தொண்டையில் நிற்கிறது தாயே.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போன் போட்டு ஏதாவது கதைப் புத்தகம் வாசித்துக் காட்டு, மறந்துவிடாதே, ஆறுதல் மட்டும் சொல்லாதே. மாப்பிள்ளையைச் சீண்டு, ஆனால் அவர் வண்டி ஓட்டும்போது வேண்டாம். என் கடிதத்தை எல்லாம் உன் அம்மாதான் பிழை திருத்தி, ஒட்டித் தபாலில் போடுவாள். இதையும் ஒட்டாமல் அவள் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்புகிறேன். இது உன் கைக்கு வந்தால் அவள் படித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா