அந்த ஒரே ஒரு வாசகர்

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முட்டிவலிகூட இப்போது பரவாயில்லை. நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

இந்த மாத ஆரம்பத்தில் செடி வளர்ப்பது பற்றி இணையத்தில் நீ எழுதுகிற பக்கத்தில் ஓர் அறிவிப்புப் போட்டிருந்தாய். புதிதாக எழுதுவதையெல்லாம் தானாகவே கொண்டுவந்து சேர்க்கிற ஃபீட் ரீடரில் படிக்கிற ஆள் இப்போது ஒரே ஒருத்தர்தான், இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள், மாதக் கடைசியில் அந்த வசதியை எடுத்துவிடப்போகிறேன் என்று. அந்த ஒருத்தர் நான்தான்டி. நீ தொட்டியில் வைத்த முதல் தக்காளி நாற்றிலிருந்து நான்கு வருடமாக ஒன்று விடாமல் படிக்கிறேன். சொன்னால் அம்மாவுக்காக எழுத ஆரம்பித்துவிடுவாய் என்றுதான் வாயைத் திறக்கவில்லை. நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் எனக்கு அந்த ரீடர் இல்லாமல் ஆகாது, எந்த மருந்தைத் திரும்பப் பெறச் சொல்லி அறிவிப்பு வந்தாலும் தளம் தளமாகப் போய்த் தேட வேண்டாம், எல்லாம் வந்த வரிசையில் அதில் வந்து நிற்கும். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை அதுதான், மருந்து அறிவிப்புகளுக்குக் கீழே நீ. அப்பாவும்தான் உன்னைப் போனில் அந்தப் போட்டோ ஆப்பில் பார்க்கிறார். அவருக்கு அது மூன்று வாரத்துக்கு முந்தைய உன் சிரித்த போட்டோவையும் ஒரு டஜன் செருப்பு விளம்பரத்தையும் காட்டுகிறது. பிள்ளை ஜாலியா இருக்கா என்று அவரும் நிம்மதியாகத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை நீ ஒன்று எழுதினாய். மூன்று நாளாகப் படுக்கையை விட்டு எழவில்லை, வேலைக்குப் போகவில்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூடத் தோன்றவில்லை, வீட்டில் சொல்லவில்லை என்று. படித்துவிட்டு உன் பக்கத்துக்குப் போனால் அங்கே அது இல்லை, அழித்துவிட்டிருக்கிறாய். நீ அங்கே அழித்தாலும் என் ரீடர் ஒருமுறை வாங்கி வைத்ததை விடவில்லை. மருந்துச் சீட்டோடு நின்றவரை ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, உள்ளே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். சாயங்காலம் போன் செய்தால், நல்லாத்தாம்மா இருக்கேன், கொஞ்சம் வேலை ஜாஸ்தி, அவ்வளவுதான் என்கிறாய். பெற்றவளிடமேவா?

இனி போனில் உன்னை மழுப்ப விடுவதாக இல்லை, அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். கடை முதலாளியிடம் இரண்டு வாரம் லீவு சொல்லிவிட்டேன், முனகினார், முனகட்டும். அப்பாவிடமும் எல்லாம் சொன்னேன். அவரே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் வாசலில் நிற்பேன். எனக்காக வீட்டைப் பெருக்காதே, சமைக்காதே, தலைகூட வார வேண்டாம், அப்படியே கதவைத் திற. டாக்டரிடம் சேர்ந்தே போவோம், மனசு சரியில்லை என்று வருகிற எத்தனையோ பேருக்கு என் கையால் மருந்து கொடுத்திருக்கிறேன், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அதுவரை அந்த ஃபீடை எடுக்காதே. தினமும் காலையில் ஒரே ஒரு வரி போடு, எழுந்தேன் என்றோ எழவில்லை என்றோ, எதுவானாலும் சரி. யார் படிக்கப்போகிறார்கள் என்று யோசிக்காதே, ஆள் யாரென்றுதான் இப்போது தெரிந்துவிட்டதே.

நோய்நொடி இல்லாமல், மனசு குளிர்ந்து, நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. செடிகளுக்கு நான் வந்து தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். நீ இப்போது எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடி.

இப்படிக்கு,
அந்த ஒருத்தர்,
உன் அம்மா