கறுப்பு பீரின் லேபிள்

தம்பி,

நம் ஐந்து பீர்களுக்கும் நீ எழுதிய பிறப்புக் கதைகளை லேபிளில் படித்தேன். கோதுமை பீர் உன் கனவில் வந்ததாகப் புளுகியிருக்கிறாய், தொலையட்டும். கறுப்பு பீர் "ஓர் இனிய தவறில் பிறந்தது" என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?

அன்று பீருக்கான முளைகட்டிய பார்லியை வறுத்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணிக்கு வலி என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் அடுப்பை அணைக்காமல் ஓடினேன். மூன்றாம் நாள் குழந்தையில்லாமல் வீடு திரும்பினோம்.

அடுத்த மாதம் நீ டம்ளரை நீட்டினாய். "நீ கருக்கிட்டுப் போனதுதாண்ணே. வீணாக்க வேணாம்னு காய்ச்சிட்டேன், குடிச்சுப் பாரு." குடித்தேன். நன்றாக இருந்தது. அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

நேற்று உன் அண்ணி அந்த லேபிளைப் படித்தாள். பாட்டிலைத் திருப்பி, லேபிள் சுவரைப் பார்க்கும்படி வைத்தாள்.

வேறு லேபிள் அச்சாகும்வரை அந்தப் பாட்டில்கள் குடோனைவிட்டு நகராது. சாவி என்னிடம் இருக்கிறது.

உனக்கு அண்ணனாக வாய்த்தவன்