நீ அனுப்பிய அரை வசனம்

கல்வராயன் மலை
சனிக்கிழமை

அன்புள்ள மகன் கலையரசனுக்கு, அம்மா பாப்பாத்தி சொல்லச் சொல்ல உன் தங்கை செல்வி எழுதுவது. கர்த்தர் உன்னைக் காப்பாராக. உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று உன்னோடு தங்கியிருக்கிற சுபாஷ் வந்து சொன்னான், சந்தோஷம். இங்கே அனைவரும் நலம் என்று எழுதச் செல்வி பேனாவை வைத்தாள், நான்தான் வேண்டாம் என்றேன். அப்பா புளி உலுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்து, கள்ளக்குறிச்சியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். இதில் என்ன நலம். என் பேச்சை நல்ல தமிழில் மாற்றி எழுது, கோபத்தை மட்டும் மாற்றாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். பள்ளிக்கூடத்துப் பாறை மேல் ஏறினால்தான் டவர் கிடைக்கிறது, ஏறி நின்று கூப்பிட்டால் ஷிஃப்ட்டுல இருக்கறேம்மா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். சுபாஷ் நாளைக்கு ஓசூருக்குத் திரும்புகிறான். இதை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ வாசித்து முடிக்கிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா விழுந்த அன்றே செல்வி உனக்குச் செய்தி அனுப்பினாள். மரவள்ளி பிடுங்குகிற சமயம், வருகிற வெள்ளிக்கிழமை ஆலை லாரி வருகிறது, மழை விழுந்தால் கிழங்கு வீணாகிவிடும், அப்பாவும் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், வந்துவிட்டுப் போ என்று. அதற்கு நீ அனுப்பியது ஒரு படம். சூரியன் உதிக்கிறது, புறா பறக்கிறது, நடுவில் பெரிய எழுத்தில், சொந்த ஜனத்தையும் தகப்பன் வீட்டையும் மறந்துவிடு என்று ஒரு வசனம். அதன் கீழே, இன்னிக்கு எனக்கு வந்த வாக்குத்தத்தம் இதும்மா, கர்த்தரே பேசிட்டாரு, நான் இன்னா பண்றது என்று நீ எழுதிய வரி. நான் அதை நம்பினேன். எழுதப் படிக்கத் தெரியாதவள், வேதத்தில் இருக்கிறது என்றால் எனக்கு அதற்கு மேல் பேச்சில்லை. உன்னைத் திட்டக்கூட இல்லை, அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவிடம் சொன்னபோது, அவரே சொல்ட்டாரா, அப்ப நான் இன்னா சொல்றது என்று திரும்பிப் படுத்தவர், அன்றிலிருந்து சாயங்கால ஜெபத்துக்கு வாயே திறக்கவில்லை. பக்கத்துக் காட்டு அம்மாசி அண்ணன் வேலியண்டை நின்று, இன்னா பாப்பாத்தி, உங்க சாமி பெத்தவங்கள வுட்டுட்டுப் போவச் சொல்லுதாமே, எங்க சாமி கெடாதான் கேக்கும், புள்ளயக் கேக்காது என்றார். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் என்ன நடந்தது என்று கேள். நம் வீட்டில் எப்படி வாசிப்போம் என்று உனக்குத் தெரியும். விட்ட இடத்திலிருந்து தொடங்கி ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், பிடித்தது பிடிக்காதது என்று தாண்டாமல் வரிசையாக. நேற்று நாற்பத்தைந்தாம் சங்கீதம் வந்தது. நாங்கள் தேடிப் போகவில்லை, அதுவே வந்தது. செல்வி வாசித்துக்கொண்டே போனவள் பாதியில் நின்று, அம்மா, அண்ணன் அனுப்பின வசனம் இங்க இருக்குது என்றாள். சுவர்ப் பக்கம் இருந்த அப்பா முகத்தைத் திருப்பி, மேல இருந்து படி என்றார். மேலே இருந்து படித்தாள். மகனே, அது கல்யாணப் பாட்டு. ராஜாவுக்கு வாக்கப்பட்டு வருகிற பெண்ணைப் பார்த்து, இனிமேல் பிறந்த வீட்டை நினைத்து ஏங்காதே என்று பாடுகிறார்கள். குமாரத்தியே கேள் என்றுதான் அந்த வசனமே ஆரம்பிக்கிறது, உன் படத்தில் அதை வெட்டிவிட்டார்கள். நீ எந்த ராஜாவுக்குப் பெண்டாட்டியாகப் போகிறாய். இன்று காலையில் நானே வேலியண்டை போய் அம்மாசி அண்ணனிடம் சொன்னேன். அப்ப பையன் வந்தா ஒரு பொடவ எடுத்துக் குடு என்று சிரித்தார். சிரிக்கட்டும், சாமியைச் சொல்லிச் சிரிப்பதற்குப் பதில் உன்னைச் சொல்லிச் சிரிக்கட்டும்.

ஆனால் அப்பா சிரிக்கவில்லை. செல்வி முடித்ததும் அவர் சொன்னதைச் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். சாமி சொல்லலைன்னா, அப்ப நம்ம பையன்தான் சொல்லியிருக்கறான் என்றார். இத்தனை நாள் கடவுள் சொன்னார் என்று தாங்கிக்கொண்டிருந்த மனுஷன், நீ சொன்னாய் என்றதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வர இஷ்டமில்லை என்றால் வர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், உன்னைத் திட்டிவிட்டு நாங்களே பிடுங்கியிருப்போம். உன் பேச்சை எடுத்துக் கர்த்தர் வாயில் ஏன் வைத்தாய்.

சுபாஷையும் கேட்டுவிட்டேன், சும்மா விடவில்லை. அவன் மென்று விழுங்கிக்கொண்டு, அத்தே, அவன் லீவே கேக்கல, கெழங்கு புடுங்கினா கையெல்லாம் கொப்புளமாவுதுன்னான் என்றான். நான் கொடுத்தனுப்பிய பைபிள் எங்கே என்றேன். தலகாணிக்குக் கீழதான் வச்சிக்கினு தூங்குறான், கெட்ட கனா வராதாம், கவர்கூட இன்னும் பிரிக்கல என்றான். மந்திரித்த தாயத்தா அது. கச்சிராயபாளையம் பஸ்சில் ஏறும்போது நீ என்ன சொன்னாய். வீட்டில் எந்த அதிகாரமோ அங்கேயும் அன்றைக்கு அதே அதிகாரம் வாசிப்பேன், நாம ஒரே எடத்துல உக்காந்திருக்கற மாதிரி இருக்கும்மா என்றாய். ஒவ்வொரு சாயங்காலமும் நம்ம பையனும் இப்போது இதைத்தான் வாசிப்பான் என்று நினைத்துக்கொண்டுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். போனில் வாசித்தாலும் அதே வேதம்தான், அதற்கு நான் சண்டைக்கு வரவில்லை. படம் அனுப்புவதை வாசிப்பு என்று சொல்லாதே. நீ போனைப் பாதிப் பேச்சில் வைத்துவிட்டால் நான் சொல்ல வந்தது உனக்கு எப்படித் தெரியும். கடவுளிடமும் அதைத்தான் செய்கிறாய், ஒரு வரியைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். தினமும் வாசிக்கிறவனுக்குத் தனக்குப் பிடிக்காத அதிகாரமும் ஒரு நாள் வரும். அது வரவேண்டும் என்றுதான் வரிசையாக வாசிப்பது. தினமும் வாசித்திருந்தால் அந்தப் படத்தைப் பார்த்ததுமே நீயே சிரித்திருப்பாய்.

(அண்ணா, அம்மா இங்கே இன்னும் நிறையச் சொன்னாங்க. நான் எழுதவில்லை. செல்வி)

வெள்ளிக்கிழமைக்கு ஆள் சொல்லியிருக்கிறேன், நீ வந்தாலும் வராவிட்டாலும் கிழங்கு லாரி ஏறிவிடும், அதற்காக உன்னைக் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் வீட்டில் இரு. அன்றைக்கு ஐம்பத்தோராம் சங்கீதம் வருகிறது. தப்புச் செய்த ஒரு ராஜா அதை உணர்ந்து பாடிய பாட்டு அது. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீதான் வாசிக்க வேண்டும், செல்வி வாசிக்க மாட்டாள். நீ வராவிட்டால் நாங்கள் மூன்று பேரும் விளக்கை ஏற்றிச் சும்மா உட்கார்ந்திருப்போம், மறுநாளும் அப்படியே. நீ வந்து அதை வாசிக்கிற வரை இந்த வீட்டில் ஐம்பத்திரண்டாம் சங்கீதம் கிடையாது.

வேளைக்குச் சாப்பிடு, மலைக்கு வருகிற கடைசிப் பஸ்சைத் தவறவிடாதே, பைபிளைக் கவரைப் பிரித்து எடுத்துக்கொண்டு வா. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் பார்த்துக்கொள்வார்.

கோபத்தோடும் ஜெபத்தோடும்
உன் அம்மா
பாப்பாத்தி

அண்ணா, எழுதி முடித்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா தூங்குகிறார் என்று நினைத்தோம். வியாழக்கிழமை என்று வருகிற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.