மியூரியலின் இடது கால்

மே 4

கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது, எழும்பவில்லை. நவம்பரில் மியூரியலுக்கு இடது முட்டி அறுவை செய்ததிலிருந்து வண்டி கொட்டகையில்தான் நிற்கிறது. பதினேழாம் தேதி ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒருவர் வாங்க வருகிறார். மகள் ஷோனாவின் ஏற்பாடு. "அம்மா இனிமே கியர் வண்டி ஓட்ட வேணாம்ப்பா." சரி என்றேன். மியூரியல் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கத்தியிருந்தால் தேவலை.

மே 7

கிளட்ச்சுக்கு எண்ணெய் தள்ளும் புதுச் சிலிண்டர்கள் வந்தன. பெடல் பக்கம் மேலே ஒன்று, வண்டிக்கடியில் ஒன்று.

எண்பத்தொன்றில் இதே வண்டியில் கேப் பிரெட்டன் மலைகளுக்குப் போனோம். அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் திருத்தினேன். அந்த மலைப்பாதையில் எத்தனை முறை கியர் மாற்றியிருப்பாள்! என் சிவப்புக் கோடு ஒன்றுகூட நடுங்கவில்லை.

மே 10

மாட்டியாயிற்று. பழைய ரப்பர்கள் கறுத்துப் பிய்ந்திருந்தன. வண்டிக்கடியில் படுப்பது சுலபம்; எழுவதற்குத்தான் கால் மணி.

மே 11

இனி ஏர் எடுக்க வேண்டும். குழாயில் காற்று இருந்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். தலையை மட்டும் ஆட்டும் மாணவன் மாதிரி — எவ்வளவு அழுத்தினாலும் அந்தப் பக்கம் எதுவும் போய்ச் சேராது.

ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் கீழே காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். பக்கத்து வீட்டு வெண்டல் மிதித்தான். நான் மூடுவதற்குள் காலை எடுத்துவிடுகிறான். போன காற்று திரும்பி வருகிறது.

"நான் சொன்னப்புறம் விடுடா!"

"இது என்ன உன் பள்ளிக்கூடமா, வாத்தியாரே?"

சாப்பாட்டுக்குப் போனவன் வரவே இல்லை.

மே 12

கீழே படுத்திருந்தேன். கதவு சாத்தும் சத்தம். மியூரியல் இருக்கையில்.

"முட்டி—"

"தரையில படுத்துக்கிட்டு என் முட்டியப் பத்திப் பேசாத. சொல்லு."

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"விடு."

நிப்பிளிலிருந்து கழிவெண்ணெய் பாட்டிலுக்குப் போகும் ஒளிபுகும் குழாயில் குமிழிகள் ஓடின. அவள் காலை நான் பார்க்கவில்லை. அதன் பலத்தைப் பார்த்தேன். இருபதாவது முறையும் முதல் முறை போலவே. எண்ணெய் ஊற்றும் சாக்கில் கொஞ்சம் நிறுத்தினேன்.

"எனக்கு ரெஸ்ட் குடுக்கிறியா?"

"எனக்குத்தான்."

நாற்பத்துமூன்றாவதில் குமிழி இல்லை. பெடல் கெட்டியாகிவிட்டது. அவள் உடனே இறங்கவில்லை.

மே 13

முட்டி வீங்கியிருக்கிறது. உறைந்த பட்டாணிப் பையை வைத்தேன். நான்தான் தடுத்திருக்கணுமோ? ஏன் தடுக்கல?

மே 15

வீக்கம் வடிந்துவிட்டது. வண்டி ஓட்டலாமா என்று பிசியோகாரப் பெண்ணிடம் அவளே கேட்டாள். அந்தப் பெண் உள்ளங்கையைக் கொடுத்து இடது காலால் அழுத்தச் சொன்னாள். பத்து முறை. "கிட்டத்துல போய் வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றாள். வீடு வந்ததும் மேசையில் இருந்த வண்டிச் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மே 17

ஹாலிஃபாக்ஸ்காரர் பதினொரு மணிக்கு வந்தார். கொட்டகை காலியாக இருந்தது. தேநீரும் ஓட்ஸ் பிஸ்கட்டும் கொடுத்து, வீணாக வரவழைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனிதர், சிரித்தார். அவர் குடித்து முடிப்பதற்குள் ஷோனாவின் அழைப்பு.

"வித்தாச்சாப்பா?"

"அம்மாகிட்ட கேளு."

"அம்மா எங்க?"

"வண்டியில."