ஓஸ்வால்டின் மைல்களும் அக்காவின் கல்யாணமும்

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மறுபடியும் ஓஸ்வால்டின் மைல்ஸ் பிரசங்கம். ஃபாதருடையதைவிட நீளம். விமானத்தில் பறக்கப் பறக்கப் புள்ளிகள் சேருமாம், சேர்ந்தால் ஓசி டிக்கெட்டாம். மெஷின் விற்கப் போன ஊரைப் பற்றி என் கணவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஏர்போர்ட் லவுஞ்சில் தின்ற ஆம்லெட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். இவரைக் கண்டாலே எதிர்வீட்டு ஜாய்சன் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

பெர்த்தில் பிரிஜெட் அக்காவுக்கு நவம்பர் 22 கல்யாணம். ஐம்பத்தாறு வயதில், இரண்டாவது. அப்பா இல்லை. இந்த வயதில் இது என்ன கூத்து என்று அண்ணன் டேரில் வர மறுத்துவிட்டான். அக்காவைக் கைபிடித்துப் பீடம் வரை கூட்டிப்போக நான்தான் மிச்சம். நான் போகாவிட்டால் தனியாக நடப்பாள்.

அடுத்த வாரம் ஃப்ராங்க்ஃபர்ட் போய்வந்தால் என் டிக்கெட்டுக்கு வேண்டிய மைல்ஸ் நிறைந்துவிடுமாம். “காசு குடுத்து வாங்கறவன் முட்டாள், நோரா” என்கிறார்.

அக்டோபர் 6

போய்வந்தாயிற்று. மைல்ஸ் ஏறவில்லை. காலையிலிருந்து போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 8

விஷயம் தெரிந்துவிட்டது. டிக்கெட்டில் இருந்தது இவர் கும்பிடும் ஏர்லைன்ஸின் பெயர், அவர்களுடைய விமான எண். பறந்தது கூட்டாளி கம்பெனி விமானம். அப்படிப் போனால், டிக்கெட்டில் போட்டிருக்கும் வகுப்பு எழுத்தைக் கூட்டாளியின் கணக்கில் பார்த்துத்தான் மைல்ஸ் தருவார்களாம். ஒரு எழுத்துக்கு முழுசு, ஒன்றுக்குக் கால்வாசி, ஒன்றுக்கு நாமம். இவருக்கு வாய்த்தது நாமம். எண்ணைப் பார்த்தவர் எழுத்தைப் பார்க்கவில்லை. பத்து வருஷமாக ஊருக்கே வகுப்பெடுத்த வாத்தியார்.

ஒரே வரிசை, ஒரே காய்ந்த பன், ஒரே கக்கூஸ். அதற்குள் எழுத்துக்கு எழுத்து சாதி. இதைக் கண்டுபிடித்தவன் நம்மூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

அக்டோபர் 15

ஏர்லைன்ஸுக்கு அப்பீல் எழுதியிருக்கிறாராம். ஹைகோர்ட் கெட்டது.

அக்டோபர் 27

அப்பீல் தள்ளுபடி.

டிக்கெட் வாங்கிவிடலாம் என்றேன். டிசம்பரில் இன்னொரு பயணம் இருக்கிறதாம், அதில் மைல்ஸ் நிறைந்துவிடுமாம். “கல்யாணத்துக்கு அப்பறமா போய்ப் பாரேன். அக்கா எங்க ஓடிடப் போறா?”

என்ன மனுஷன் இவரு? ஓசியில கெடைச்சாத்தான் போய்ப் பாக்கணுமா எங்க அக்காவ? அம்மா படுத்துக் கெடந்தப்ப லீவு போட்டு ஓடி வந்தவ — அவ என்ன எழுத்து பாத்தா ஏறினா? ஃபோன்ல அவகிட்ட என்னன்னு சொல்வேன்?

அக்டோபர் 28

வாங்கிவிட்டேன். என் பள்ளிக்கூடச் சம்பளம், என் கார்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் இறங்குகிறதா என்று மட்டும் பார்த்தேன். சொன்னதும் ஓஸ்வால்ட் டிக்கெட்டை வாங்கிப் படித்தார். “இதுல ஒரு மைல்கூட வராதே” என்றார், யாரோ செத்துப்போன குரலில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை.

நவம்பர் 22, பெர்த்

சாம்பல் நிறப் பட்டில் அக்கா. கோயில் வாசலில் அவள் கையைப் பிடித்தேன். “உன் ஃபோன் வரும்போதெல்லாம், வரலைன்னு சொல்லத்தான் பண்றியோன்னு பயந்தேன்டி” என்றாள். நடந்தோம். பாதி வழியில் அழுதது நான்தான், அவள் இல்லை.

சாயங்காலம் ஓஸ்வால்ட் அழைத்தார். போர்டிங் பாஸில் என்ன எழுத்து என்றுதான் முதல் கேள்வி. பார்க்கவில்லை என்றேன். அக்காவைப் பற்றிக் கேட்பாரா என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே சொன்னேன், கோயில், பட்டு, நான் வரமாட்டேனோ என்று அவள் பயந்தது, எல்லாம்.



“நானும் வந்திருக்கணும்” என்றார்.

ஆமாம் என்றேன். உள்ளே கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், போனை வைத்துவிட்டுப் போனேன்.