‘டாக்’ என்பதற்கு எதிர்ச்சொல்

நவ. 10, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. சாயங்கால ட்யூஷனுக்கு இன்றைய வினைச்சொல்: டாக். பொருள்: பேசுதல். அதே மாதிரி: ஸ்பீக், சாட், டெல், கன்வர்ஸ். எதிர்ச்சொல்? கைடில் ‘லிஸன்’ என்று போட்டிருக்கிறான். எனக்கு ஒப்பவில்லை. காது கொடுத்துக் கேட்பதும் பேச்சில் பாதிதானே.

வீட்டுக்காரர் மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எங்கள் வலையை அறுத்தவன் பெயரோடு!

“ஊர்ல சொல்லாம ஏன் போனீங்க?”

“ஊர்ல சொன்னா அவன் மாமன்தான தீர்ப்பு சொல்லுவான்?”

அதுவும் சரிதான். ஆனாலும் குப்பத்தில் எந்த வழக்கும் முதலில் பஞ்சாயத்துக்குத்தான். ஸ்டேஷன் படி ஏறினால் ஊரை அவமானப்படுத்தியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். உப்பு தீர்ந்துவிட்டது.

நவ. 11, செவ்வாய்

கோயில் மைக்கில் சொல்லிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தைத் தள்ளி வைத்தாச்சு. யாரும் பேசக் கூடாது, கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது. மீறினால் அவர்களுக்கும் இதே தண்டனை. தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றேன். எங்களையா? எங்களையா சொன்னார்கள்?

ட்யூஷனுக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. பாயை விரித்துப் போட்டு, கேனச்சி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பெட்டிக்கடையில் உப்பு கேட்டேன். கடைக்கார அக்கா என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. முத்தியால்பேட்டை வரை நடந்து போய் வாங்கினேன். அந்தக் கடைக்காரர், “வேற என்னம்மா வேணும்?” என்றார். அழுகை வந்துவிட்டது. உப்பு வாங்கப் போய் அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நவ. 12, புதன்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

கூடப்பிறந்த தங்கை கலா, இரண்டு வீடு தள்ளி. அம்மா இருப்பதும் அவளோடுதான். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “கலா” என்றேன். நிமிரவே இல்லை. கழுவின மீனையே திரும்பக் கழுவினாள். அடிப்பாவி! உனக்குத் தலை வாரிப் பின்னி பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான்டி!

அவள் புருஷன் பஞ்சாயத்தில் உட்காருகிறவன். போனும் அவன் கையில்தான். அம்மா எப்படி இருக்கிறாள், சாப்பிட்டாளா, எதுவும் தெரியாது.

பாடம் கேட்க ஆளில்லாமல் டிக்‌ஷனரியைப் புரட்டினேன். இக்னோர், அவாய்ட், ஷன். எல்லாம் சப்பை. இவர்கள் செய்வதற்கு இதெல்லாம் பத்தாது.

நவ. 14, வெள்ளி

காலையில் குழாயடி. கலா குடத்தை ணங்கென்று கீழே வைத்தாள். அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தாள்.

“போலீசுக்குப் போனவளே! ஊரு மானத்த வாங்குனவளே! ராத்திரியெல்லாம் அம்மாவுக்கு மூச்சு வாங்குது, பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போறோம், உனக்கென்ன, நீ நல்லா இரு! பொம்பளைங்க வார்டு பக்கம் வந்துடாத, ஆமா!”

யாரோ, “நல்லா கேளுடி” என்றாள். சிரிப்பு வேறு. இப்படியா திட்டுவாள் என்று திகைத்து நின்றவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. திட்டவில்லை. சேதி சொல்கிறாள்.

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் அம்மா மூக்கில் ஆக்சிஜன் குழாய். என் கையைப் பிடித்துக்கொண்டு, “வந்துட்டியா” என்றாள். கலா சுவரைப் பார்த்து நின்றாள். புருஷன் பக்கத்திலேயே.

‘டாக்’ பட்டியலில் சேர்க்க: ஸ்கோல்ட்.

நவ. 15, சனி

மழை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்குப் பரவாயில்லை, திங்கட்கிழமை வீட்டுக்கு விடுவார்களாம். அப்பாடா.

சாயங்காலம் மறுபடியும் மைக். “திட்டுனாலும் அது பேச்சுதான். ஊர்க் கட்டுப்பாட்ட மீறுனது மீறுனதுதான்.” கலா குடும்பத்தையும் தள்ளி வைத்துவிட்டார்கள். பஞ்சாயத்து ஆள் வீட்டையே! எங்களால்தானே அவளுக்கு இந்தக் கதி.

கதவு தட்டும் சத்தம். கலா. தொப்பலாக நனைந்திருந்தாள். தெருவில் யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே வந்து கீழே உட்கார்ந்தாள்.

“வீட்டுல அந்தாளு குதிக்கிறாரு. குதிக்கட்டும். இனிமே நம்மள யாரு கேக்கப்போறா, அக்கா? பேசு.”

துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தேன்.