கதவைத் திறந்துவிட்டுப் படி

அன்பு மகள் ஓவியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று இருக்கன்குடி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன், எங்கள் நலத்தை இப்போது கேட்காதே, உன் குரலைக் கேட்டால்தான் எங்களுக்கு நலம். முதலில் எழுந்துபோய் வாசல் கதவையும் ஜன்னலையும் திற. அந்தக் கரி அடுப்பைத் தூக்கி வெளியே பனியில் வை. அப்புறம் வந்து மிச்சத்தைப் படி.

காலை ஏழு மணிக்கு நீ பேசும்போது, சித்திரை பிறந்தும் இங்கே பனி கொட்டுகிறது, குளிர்காலம் முடிந்ததென்று கம்பளியெல்லாம் மூட்டை கட்டிவிட்டோம், கரண்டும் போய்விட்டது, ஹீட்டர் ஓடவில்லை, பிள்ளை கை சில்லிட்டுக் கிடக்கிறது என்று அழுதாய். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? மாப்பிள்ளை கோழி சுட வாங்கிய கரி அடுப்பைப் பற்றவைத்துப் படுக்கிற அறையில் வை, கதவிடுக்கில் துணியை அடை, சூடு வெளியே போகாது என்று பெரிய வைத்தியச்சி போலச் சொன்னேன். உன்னைப் பெற்று ஐப்பசி மழையில் கிடந்தபோது என் கட்டிலுக்கு அடியில் தணல் சட்டி வைத்தார்கள், அந்த நினைப்பு. நம் வீடு ஓட்டு வீடு, புகை இடுக்கு வழியே போய்விடும் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. சரிம்மா, போனில் சார்ஜ் இல்லை, அப்படியே செய்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாய்.

நான் வழக்கம்போல பட்டாசு ஆலை கேட்டில் காவலுக்கு நிற்கிற உன் அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் வெடிக்குத் திரி வைக்க உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் வள்ளித்தாயிடம் உன் கதையைச் சொன்னேன், பெருமையாகவே சொன்னேன். அவள் கையிலிருந்த பட்டையை அப்படியே போட்டுவிட்டாள். “ஏக்கா, என்ன காரியம் பண்ணிட்டீக! அடைச்ச ரூம்ல கரி எரிஞ்சா வர்ற வெசம் மூக்குக்குத் தெரியாதுக்கா. அசதியா இருக்கும், தூங்கிருவாக, அம்புட்டுத்தான்” என்றாள். இருபது வருஷமாக நாலு பக்கமும் கதவு திறந்து கிடக்கிற அறையில்தான் வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். காற்று அடிக்கிறதென்று ஒரு கதவைச் சாத்தினால்கூடப் போர்மேன் கத்துவார். நானும் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் கத்தியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளையிடம் நெருப்பை வைத்துக் கதவை அடை என்று சொல்லியிருக்கிறேன்.

கேட்டுக்கு ஓடிவந்து போனை வாங்கி இருபது தடவை அடித்துவிட்டேன், உன் போனும் மாப்பிள்ளை போனும் அணைந்தே கிடக்கின்றன. குரலில் பேசி அனுப்பினேன், அழுகைதான் பதிவானது, அதனால் எழுதுகிறேன், போட்டோ எடுத்து அனுப்பப் போகிறேன். மாப்பிள்ளையின் சிநேகிதர் செல்வக்குமார் தம்பி நம்பர் நல்லவேளை அப்பாவிடம் இருந்தது. அங்கே நடுராத்திரி, தூக்கத்திலிருந்து எழுந்தவர் முழுசாகக் கேட்கக்கூட இல்லை, “அத்தை, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு நடந்தே போறேன், கார் நகராது” என்றார். அரைமணி நேரம் ஆகுமாம், இதுவரை பதினெட்டு நிமிஷம் போயிருக்கிறது. கதவைத் தட்டினால் உடனே திற. திறக்காவிட்டால் உடைக்கச் சொல்லியிருக்கிறேன், வாடகை வீடாயிற்றே என்று மாப்பிள்ளை கோபப்பட்டால் அம்மா சொன்னாள் என்று சொல்.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. கேட் நோட்டிலிருந்து இந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, வாட்ச்மேன் அறையின் கதவை ஓரம்வரை தள்ளித் திறந்து கல்லை அண்டக்கொடுத்தார். வெளியே தீயாய் வெயில். அங்கே இருக்கிற உனக்கு அதனால் என்ன ஆகப்போகிறது என்று நானும் கேட்கவில்லை. அம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர வாய்வரை வந்தது, நெருப்பென்று சொல்லவே கூசி, பிள்ளைக்கு முடி இறக்குவதாக நேர்ந்திருக்கிறேன்.

குளிரென்றால் பிள்ளையை மார்போடு அணைத்து, இருக்கிற சேலை வேட்டி எல்லாவற்றையும் மேலே போட்டுக்கொள்ளுங்கள். குளிரைத் தாங்கலாம் ஓவியா. தலை வலித்தாலும் வாந்தி வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதே. மூன்று பேரும் என் ஆயுசையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நீடூழி இருங்கள். இதைப் பார்த்ததும் ஓர் எழுத்தாவது போடு.

தப்புச் சொன்ன உன் அம்மா,
பொன்மணி

அப்பா பேனாவைப் பிடுங்குகிறார், அவர் கையெழுத்து:

தாயி, கதவத் தொற. நாகையா.